பேய் ஓட்டலில் நான் சொன்னது

அப்படி ஒரு ஓட்டல் இருப்பதே என் தோழி எழுதிய கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மெட்ராஸில் மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறதாம். உள்ளே பகலிலும் இருட்டாம். பேய் வேஷம் போட்டவர்கள்தான் பரிமாறுவார்களாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து காலைப் பிடிக்குமாம். கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அங்கே அழைத்துப் போனதாகவும், கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு மறுநாள் ஆபீஸில் திட்டு வாங்கியதாகவும் எழுதியிருந்தாள். அவளுக்குத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. பேசுவதற்குத்தான் சம்பளமே.

வடக்கனந்தலில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அம்மா மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடி எழுதியிருக்கா அந்த மலைப் பொண்ணு?"

"ஏதோ பேய் ஓட்டலாம். அங்க போயி துன்னாளாம்."

"பேய் கையில சோத்த வாங்கித் துன்றதுக்கா மெட்ராஸ் போனா அவ?"

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று அந்தக் கடிதத்தை இன்னும் மூன்று முறை எடுத்துப் படித்தேன். பேய் ஓட்டலை விட, 'கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி' என்று எழுதியிருந்த இடம்தான் என்னை என்னவோ செய்தது. அவளுக்கு அதுவரை இருந்த ஒரே தோழி நான்தான்.

நாங்கள் இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகியவர்கள். உரக்கடைக்கு மேல் மாடியில் பன்னிரண்டு மெஷின்கள். நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து அவள் வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே அவள் ஊர். கீழே ஒரு விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடக்கக்கூட என் கையைப் பிடித்துக்கொள்வாள். எந்த விரல் எந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு வைத்துக் காட்டியவள் நான். புடவைக்கு மடிப்பு வைக்கச் சொல்லித் தந்தவளும் நான். நான் வாங்கிய அதே நிறத்தில் வளையல் வாங்குவாள். நான் தலை வாரும் மாதிரியே வாரிக்கொள்வாள். நான் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினேன். இன்ஸ்டிட்யூட்காரர் என் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். அவள் லோயரில் இரண்டாம் வகுப்பு. என் பெயரைப் பார்த்துக் கை தட்டினாள்.

அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எதனால் பிடித்திருந்தது என்று அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள். கையில் வேலைக்கான உத்தரவு. மலைவாழ் மக்களுக்கான ஒதுக்கீட்டில் மெட்ராஸில் இடம் கிடைத்திருந்தது. "உன்கிட்டதான் மொதல்ல காட்டறேன். எங்கப்பாவுக்குக்கூட இன்னும் தெரியாது" என்றாள். நான் அந்தக் காகிதத்தை மேலும் கீழும் படித்துவிட்டு, "நல்லதுடி" என்றேன். பிறகு மெஷினில் போய் உட்கார்ந்து அடித்தேன். அன்று அடித்த பக்கம் எல்லாவற்றிலும் தப்பு. அதே வேலைக்கு நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். எனக்குப் பதிலே வரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் சூடு பிடித்தது. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். என் அண்ணன் கரும்புக்குத் தண்ணீர் கட்டுவதைக்கூட விட்டுவிட்டு, வேனில் ஏறி எலவனாசூர்கோட்டைக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் போய்வந்துகொண்டிருந்தான். "நம்ம ஆளுங்க எத்தினி பேரு படிச்சிட்டு சும்மா உக்காந்துகினு கீறாங்க, உன்னயே எடுத்துக்க" என்று என்னைக் காட்டித்தான் வீட்டில் பேசுவான்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸில் ஒரு தனியார் கம்பெனியிலிருந்து எனக்கு இன்டர்வியூ வந்தது. டைப்பிங் தேர்வும் உண்டு. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய், சேத்துப்பட்டில் அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் விட்டார்.

"அறுப்பு கெடக்குது. நான் இப்பவே திரும்பறேன். ரெண்டு நாள்ல வந்து இட்டுக்கினு போறேன். பாத்துக்கம்மா" என்று அவளிடம்தான் சொன்னார். என்னை அவள் பொறுப்பில் விடுகிறார் என்பது எனக்கு உறைத்தது.

அவள் ஆளே மாறியிருந்தாள். முடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். இடது கையில் சின்னதாக ஒரு வாட்ச். "என்னப்பா, எப்படிப்பா இருக்கே?" என்றாள். எங்களுக்குள் எப்போதும் 'இன்னாடி'தான். பஸ்ஸில் கண்டக்டரிடம் நிறுத்தம் சொல்லி இரண்டு டிக்கெட் வாங்கினாள். சாலையைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை உதறிக்கொண்டேன்.

மறுநாள் தேர்வில் என் முன்னால் வைத்தது மின்சார டைப்ரைட்டர். அதுவரை நான் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் மெஷினில் எழுத்தை ஓங்கி அடிக்க வேண்டும். இதில் விரல் பட்டாலே எழுத்து ஓடியது. ஒரு எழுத்தை அடித்தால் ஐந்தாறு விழுந்தது. வரி முடிந்ததும் கேரேஜைத் தள்ளக் கை தானாக இடது பக்கம் போய், தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் காற்றில் நின்றது. பக்கத்து மெஷின்கள் மழை மாதிரி பெய்துகொண்டிருந்தன. என் காகிதத்தை வாங்கிய அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போம்மா, லெட்டர் வரும்" என்றார். வராது என்று அவர் முகத்திலேயே இருந்தது.

அன்று மாலைக்குள் சாலை மறியல் தொடங்கிவிட்டது. மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், தெற்கே ஒரு பஸ்ஸும் போகாது என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பா வர வழியில்லை. விடுதி வார்டனிடம் கெஞ்சி, அவள் தன் அறையில் எனக்கு ஒரு வாரம் இடம் வாங்கிக்கொடுத்தாள். தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். காலையில் எனக்கு டிபன் சீட்டு வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். நான் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் எங்கே இருக்கிறானோ என்று ஒரு பக்கம் பயம். துப்பாக்கிச் சூடு, சாவு என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், அவளுடைய அலமாரியில் அடுக்கியிருந்த புடவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய மனதுக்கு முடிந்திருக்கிறது.

ஐந்தாவது நாள் அவளுக்கு விடுமுறை. "இப்படியே உக்காந்திருந்தா உனக்குப் பைத்தியம் புடிச்சிடும். கிளம்பு. பேய் ஓட்டலுக்குப் போலாம்" என்றாள். கடிதத்தில் வந்த அந்தப் பெண்ணும் வருவாள் என்றாள்.

அந்தப் பெண் பெரம்பூரிலிருந்து வந்தாள். அப்பா ரயில்வேயில் வேலையாம். பெரிய மூக்குக்கண்ணாடி, பெரிய சிரிப்பு. வந்ததும் என் தோழியின் தோளில் ஒட்டியிருந்த முடியைப் பேசிக்கொண்டே எடுத்துக் கீழே போட்டாள். அவ்வளவுதான் செய்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

நல்ல உச்சி வெயில். ஓட்டல் வாசலில் கறுப்புத் திரை தொங்கியது. அதை விலக்கி உள்ளே போனதும் கண் இருண்டுவிட்டது. எங்கேயோ ஒரு மின்விசிறியிலிருந்து குளிர்ந்த காற்று அடித்தது. டேப்பில் ஆந்தை அலறியது, சலங்கை ஒலித்தது, யாரோ ஒரு பெண் அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு பல்புகள் தெரிந்தன. சுவரில் பிளாஸ்டரில் செய்த எலும்புக்கூடுகள். மேலே கறுப்புக் காகிதத்தில் வெட்டிய வௌவால்கள். மேசைகள் எல்லாம் சவப்பெட்டி மாதிரி செய்திருந்தார்கள். முகத்தில் வெள்ளை பூசி, கறுப்பு அங்கி போட்ட ஒருவர் சத்தமில்லாமல் வந்து மெனு அட்டையை நீட்டினார். அங்கிக்குக் கீழே ரப்பர் செருப்பு தெரிந்தது.

அட்டையில் எலும்பு சூப், பிசாசு விரல், ரத்தக் காட்டேரி ஜூஸ் என்று இங்கிலீஷில் இருந்தது. பெரம்பூர்க்காரி படித்துக் காட்டினாள். "பிசாசு விரல்னா உருளைக்கெழங்கு வறுவல்தான். காட்டேரி ஜூஸ் பீட்ரூட்டு. வேணாம், நல்லாவே இருக்காது" என்று என் தோழி எனக்கு விளக்கினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வெள்ளை முகக்காரரிடம் இங்கிலீஷில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

கை வந்து காலைப் பிடிக்கும் என்று எனக்குக் கடிதத்திலேயே தெரியும். அதனால் காலை மடக்கி நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கை பின்னாலிருந்து வந்து என் கழுத்தைத் தொட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. "ஐயோ யம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் சூப் கிண்ணம் கவிழ்ந்தது. ஓட்டல் முழுக்கச் சிரித்தது. பெரம்பூர்க்காரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என் தோழியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்தாள்.

என் புடவையெல்லாம் சூப். அவள் கைக்குட்டையால் துடைத்துவிட வந்தாள். "வேணாம், வுடு" என்றேன்.

ஐஸ்கிரீம் வந்ததும் பெரம்பூர்க்காரி என்னிடம் அன்பாகத்தான் கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் எப்படிப்பா ஃபிரெண்ட்ஸ் ஆனீங்க? இவ சேலம் டவுன்லதானே படிச்சா?"

என் தோழி என்னைப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சத்திலும் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஆபீஸில் சேலம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை 'ஆமாம்' என்றால் போதும்.

"சேலமா? யார் சொன்னது?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. "இவ கல்வராயன் மல. பஸ்ஸே போவாத ஊரு. என்கிட்டதான் டைப் கத்துக்கினா. லோயர் செகண்ட் கிளாஸ். நான் ஹையர் ஃபர்ஸ்ட் கிளாஸ். இவளுக்கு கோட்டாவுல கெடச்சிது, எனக்குக் கெடைக்கல."

டேப்பில் அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். சொல்லி முடித்ததும் சூடாக ஏதோ குடித்த மாதிரி உள்ளே நிறைவாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சில நொடிகள் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பெரம்பூர்க்காரிதான் முதலில் பேசினாள். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள். "அப்ப உங்க ஊர்ல இப்ப மரத்த வெட்டிப் போட்டுக் கேக்கறாங்களே, அதுவும் கோட்டாதானே?"

என் அண்ணன் அந்த நேரம் எந்த ரோட்டில், எந்த மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறானோ. என்னைக் காட்டித்தான் அவன் அங்கே போனான்.

"அவ சொல்றது நெசம்தான்" என்றாள் என் தோழி. நிதானமாகச் சொன்னாள். "எங்க ஊரு வெள்ளிமலைக்கு மேல. சேலம்னு சொன்னது பொய். மொத நாள் யாரோ கேட்டாங்க, வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஐஸ்கிரீம் கரையுது. சாப்புடு" என்றாள்.

பெரம்பூர்க்காரி, "இதுக்குப் போயி பொய் சொல்லுவியா? லூசு" என்று அவள் தலையில் தட்டினாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. மலையில் எப்படிப் போவது, குளிருமா, அடுத்த லீவில் தன்னைக் கூட்டிப்போக முடியுமா என்று அந்தப் பெண் கேட்க ஆரம்பித்துவிட்டாள். நான் உடைக்க நினைத்தது இன்னும் இறுகிவிட்டது. எந்த ஊர் என்று தெரிந்த பிறகும் அவளை ஒருத்திக்குப் பிடித்திருந்தது. அவள் ஊருக்கு நான் ஒரு முறைகூடப் போனதில்லை. அவள் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள்.

வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. பெரம்பூர்க்காரி கையசைத்துவிட்டுப் போனாள். நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். அவள் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். திட்டினால் நானும் திருப்பிச் சொல்லப் பல வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். விடுதிக்கு வந்து, சூப் பட்ட என் புடவையை வாங்கி வாளியில் நனைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"லோயர் செகண்ட் கிளாஸ்னு சொன்னியே, அன்னிக்கி நான் எப்படி பரிச்சைக்கு வந்தேன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

தெரியும். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் ஊருக்குப் போயிருந்தாள். மலையில் மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் வரை நடந்தே இறங்கி வந்து பஸ் பிடித்திருக்கிறாள். மணி அடிக்கும்போது ஈரப் புடவையோடு உள்ளே நுழைந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரல்கள் விறைத்துப்போய் மடங்கவில்லை. என் கைகளுக்குள் அவள் விரல்களை வைத்துத் தேய்த்து விட்டவளே நான்தான்.

"தெரியும்" என்றேன்.

"அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்டி நீ" என்றாள். சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

மூன்று நாள் கழித்து அப்பா வந்தார். அண்ணனைப் போலீஸ் பிடித்துக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டது என்றார். அவள் பாரிமுனை பஸ் நிலையம் வரை வந்து, அப்பாவிடம் தைரியம் சொல்லி, எங்களுக்கு வழிக்கு பன்னும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தாள். பஸ் போகும் வழியெல்லாம் வெட்டுப்பட்ட மரங்களை ரோட்டோரம் உருட்டிப் போட்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றையும் பார்த்து, "எல்லாம் புளிய மரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. நானும் எழுதவில்லை.

அண்ணன் இருபது நாளில் வெளியே வந்தான். அப்புறம் கொஞ்ச காலம் கழித்து, கேட்ட ஒதுக்கீடு வந்தது. அதில் எனக்கு ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் நாள், என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்த பழைய குமாஸ்தா ஒருவர், "ஓ, புது லிஸ்ட்டா? மரம் வெட்டி வாங்கினது" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என் ஹையர் சான்றிதழ் அந்தக் காகிதங்களுக்குள்தான் இருந்தது. அதை அவர் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் மெஷினில் உட்கார்ந்தேன். காகிதத்தைச் செருகி அடிக்கத் தொடங்கினேன்.

அன்று மாலையே ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். வேறு தாளில் மூன்று முறை எழுதிக் கிழித்து, கடைசியில் நடந்ததை அப்படியே எழுதினேன். குமாஸ்தா சொன்னதையும், பேய் ஓட்டலில் சொல்லி முடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்ததையும் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. 'கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் மலை ஏறுவேன்.'

சொன்னபடி வந்தாள். சின்னசேலத்தில் ரயில் இறங்கி வந்ததாகச் சொன்னாள். அம்மா அவளை உட்கார வைத்துக் கறிக்குழம்பு ஊற்றினாள். அவள் ஒரு பரீட்சை எழுதித் தேறி, மேல் வேலைக்குப் பயிற்சிக்காக ஐதராபாத் போகப்போகிறாளாம். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு மறுபடியும் அந்த இடத்தில் சுருக்கென்றது. அதே பழைய இடம்.

கை கழுவப் போனபோது அவளிடம் சொல்லிவிட்டேன். "ஐதராபாத்துன்னு நீ சொன்னதும் எனக்கு வயிறு எரிஞ்சிதுடி."

"தெரியும். உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்றாள். சொம்பை வாங்கி எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். "எனக்கு மட்டும் இல்லியா? அந்த மாடியில உன் கை போற வேகத்தப் பாத்து நான் எத்தினி நாள் எரிஞ்சிருக்கேன் தெரியுமா? இவ மெஷின்ல ரிப்பன் அறுந்து போவட்டும்னு வேண்டிக்கினேன்."

"அப்ப கை தட்டினியே?"

"தட்டிக்கினேதான் வேண்டிக்கினேன்."

அடுப்படியிலிருந்து அம்மா, "இன்னாடி அப்படிச் சிரிக்கிறீங்க?" என்று எட்டிப் பார்த்தாள்.

மலைக்குப் போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் பிடித்துப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூடப் பையோடு வந்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்புவதற்குள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பிக் கையசைக்கக் கொஞ்சம் நேரமானது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.